கூட்டாளி சாமானோடு வருகிறான்

கேள்வி: ஆசிரியர் ஐயா, என் மகனுக்கு 22 வயது. வேலை முடிந்து வந்தால் தட்டைக்கூடக் கழுவாமல் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறான். கூட்டாளிகளோடு கேமாம். இரவு ஒரு மணிக்கும் அறைக்குள் கத்தல் கேட்கிறது. நாட்டு நடப்பு ஒன்றும் தெரியவில்லை, பத்திரிகையைத் தொடுவதே இல்லை. இவனைத் திருத்த ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு தந்தை, பெஸ்தாரி ஜெயா, செலாங்கூர்

பதில்: 'கூட்டாளிகளோடு' என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தைக் கட்டின் அடியிலிருந்து மேலே எடுத்து வைத்தேன். எங்கள் பிழைதிருத்துநர் அதை 'நண்பர்களுடன்' என்று மாற்றியிருந்தார். நான் அடித்துவிட்டு மறுபடி 'கூட்டாளிகளோடு' என்று போட்டேன். பதினோரு வருடமாக எங்களுக்குள் நடக்கும் சண்டை இது. அச்சகத்துக்குப் போகும் முன் கடைசியாக யார் கையில் தாள் இருக்கிறதோ அவர் ஜெயிப்பார்.

அவர் கட்சி, தமிழ்நாட்டுப் பத்திரிகைகளின் கட்சி. அங்கே செய்தித்தாளில் 'கூட்டாளி' என்று வந்தால் அடுத்த சொல் 'கைது'. இங்கே மலேசியாவில் அடுத்த சொல் 'பசியாறியாச்சா?' இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருமுறை திருச்சியில் மாட்டிக்கொண்டேன். விடுதியில் இரண்டு பேருக்கு அறை. இன்னொருவர் எங்கே என்று மேசையில் இருந்தவர் கேட்டார். "கூட்டாளி சாமானோடு பின்னால் வந்துகொண்டிருக்கிறான்" என்றேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கடப்பிதழை இன்னொரு முறை வாங்கிப் புரட்டினார். கூட்டாளியும் வந்து சேர்ந்தான். சாமான் என்பது இரண்டு பெட்டியும், அத்தை வீட்டுக்கு வாங்கிய நான்கு மைலோ டின்னும். அந்த டின்களை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

நண்பன் என்றால் நமக்குப் பிடித்தவன். கூட்டாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிடிக்கிறதோ இல்லையோ, கூடவே இருப்பான். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுப் பையனை யார் தேர்ந்தெடுத்தார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமினால் இந்தப் பக்கம் நமக்குத் தூக்கம் போகும். அவன்தான் கூட்டாளி.

அப்புறம், ஊர்ப் பெயர். பெஸ்தாரி ஜெயா என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். நான் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். 2007-இல் பெயரை மாற்றினார்கள். பத்தாங் என்றால் தண்டு, பெர்ஜுந்தாய் என்றால் தொங்குவது. ஏன் மாற்றினார்கள் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விடுகிறேன். இது குடும்பப் பத்திரிகை. பழைய பெயரைப் போட்டதற்காக ஒரு வாசகர் மூன்று முறை கண்டனக் கடிதம் எழுதினார். நான்காவது கடிதத்தின் உறையில், அனுப்புநர் முகவரியில், அவரே பத்தாங் பெர்ஜுந்தாய் என்று எழுதியிருந்தார். அந்த உறையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பெயர் விஷயத்தில் உங்கள் வட்டாரத்துக்கு ராசி அப்படி. பக்கத்திலேயே ஒரு தோட்டத்துக்குத் தென்னைமரம் என்று பெயர். நம் தமிழ்த் தென்னைமரமேதான், ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதிவிட்டார்கள். இந்த நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் பாமாயில் தரும் செம்பனை நடப்பட்டது அங்கேதான், 1917-இல். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கிவிட்டார். தென்னைமரத்தில் தேள் கொட்டினால் பனைமரத்தில் நெறி கட்டும் என்பார்கள். உங்கள் ஊரில் இரண்டும் ஒரே இடம், ஆகவே கொட்டும் நெறியும் ஒரே ஆளுக்குத்தான்.

சரி, உங்கள் மகன்.

கேம் என்றால் 'சீ' என்கிறீர்கள். தென்கிழக்காசியப் போட்டியை நம் நாளிதழ்களும் 'சீ போட்டி' என்றுதான் எழுதுகின்றன. 2019-இல் பிலிப்பீன்ஸில் நடந்த அந்தச் சீ போட்டியில், உங்கள் மகன் ஆடும் மொபைல் லெஜண்ட்ஸுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். 2024-இல் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் போட்டியில் செலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் என்ற நம் ஊர் அணி, பிலிப்பீன்ஸ் அணியை 4-3 என்று இறுதி ஆட்டத்தில் சாய்த்துப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் கொண்டு வந்தது. உங்கள் மகன் டாலர் கொண்டு வருவான் என்று சொல்ல வரவில்லை. அவன் தட்டைக் கழுவினாலே போதும்.

அவன் ஆடுவது அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரவு ஒரு மணிக்கு வேறு எதற்கு அப்படிக் கத்துவார்கள். நானும் கத்துகிறேன். ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை, 58 வயதில் சனிக்கிழமைதோறும் ஆடுகிறேன். அக்காள் மகன் கற்றுக்கொடுத்தான், கற்றுக்கொடுத்த பாவத்துக்கு இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை.

தெரியாதவர்களுக்கு: பக்கத்துக்கு ஐந்து பேர், மூன்று பாதை. எதிரியின் கோபுரங்களை உடைத்து, கடைசியில் அவன் தளத்தை உடைக்க வேண்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐவரில் டேங்க் என்று ஒருவன், முன்னால் போய் அடி வாங்குவது அவன் வேலை. மார்க்ஸ்மேன் என்று ஒருவன், பின்னால் நின்று சுட்டுப் பெயர் வாங்குவான். எல்லோருக்கும் மார்க்ஸ்மேன் ஆக ஆசை, டேங்க் ஆக ஆள் கிடைக்காது. எங்கள் கோயில் நிர்வாகக் குழு இது. தலைவர் பதவிக்கு நான்கு பேர் போட்டி, திருவிழா முடிந்த மறுநாள் பந்தல் பிரிக்க ஒருவரும் இல்லை. கேமில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஆட்டத்தின் பாதியில் எழுந்து போய்விட்டால் கிரெடிட் ஸ்கோர் என்று ஒன்றைக் குறைத்துவிடுவார்கள். அதை நம் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தில் வையுங்கள். கணக்கறிக்கை வாசிக்கும் நேரத்தில் வாசலுக்குச் சிகரெட் பிடிக்கப் போகும் செயலாளர்களுக்குப் பாதாளம் வரைக்கும் குறையும்.

எங்கள் ஐவரில் நால்வர் ஒரே தோட்டத்துப் பையன்கள். சின்ன வயதில் ரப்பர் கொட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குத்தி, எது உடைகிறது என்று பந்தயம் கட்டியவர்கள். லயங்கள் இடிந்தன, ஆளுக்கொரு பக்கம் போனோம். ஒருவன் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறான். ஒருவன் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டாரில் சிங்கப்பூர் போகிறான். விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும், ஆனாலும் அவன் சொல்லும் 'கடைசி ஒரு மேட்ச்' மூன்று முறை வரும். ஐந்தாவது ஆள் யார் என்கிறீர்கள்? எங்கள் பிழைதிருத்துநர்தான். ஆள் பற்றாக்குறை. எதிரிகள் சூழ்ந்துகொண்டால் எல்லோரும் 'டேய் வாங்கடா' என்று கத்துவார்கள். அவர் மட்டும் 'சூழ்ந்துகொண்டனர், துணைக்கு வருக' என்று தட்டச்சு செய்வார். ஒற்று மிகுமா மிகாதா என்று யோசித்து முடிப்பதற்குள் செத்துப் போயிருப்பார். கடந்த மாதம் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்.

நாட்டு நடப்பு தெரியவில்லை என்றீர்கள். எனக்குச் செய்தி வருவதே அந்தக் கத்தலுக்கு நடுவில்தான். நடிகர் விஜய் 2025 டிசம்பரில் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வந்தபோது, டிக்கெட்டுக்கு யார் யார் கடன் வாங்கினார்கள் என்பது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. எனக்குப் பெயர்ப் பட்டியலே தெரியும்.

காற்பந்துக் கதையும் அப்படித்தான். 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்றோம், ஊரே குதித்தது. செப்டம்பரில் ஃபிஃபா நம் அணியின் ஏழு ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடை விதித்தது. தாத்தா பாட்டிகள் மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய சான்றிதழ்கள் போலி, அவர்கள் பிறந்தது ஸ்பெயின் போன்ற வெளிநாடுகளில் என்றது. நாளிதழ்களில் தலையங்கங்கள் வந்தன, நானும் ஒன்று எழுதினேன். லோரிக்காரன் அதையெல்லாம் படிக்கவில்லை. கோபுரத்தை அடித்துக்கொண்டே சொன்னான்: "என் பாட்டி இங்கேயே பொறந்து, இங்கேயே பால்மரம் சீவி, சிவப்பு ஐசியோடவே, குடியுரிமை இல்லாமலே செத்துப் போச்சு. ஸ்பெயின்ல பொறந்த பாட்டிக்குப் பேரனா இருந்திருந்தா நம்மளும் ஆடியிருக்கலாம்டா." ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்த மேட்ச் தோற்றோம். என் தலையங்கத்தை அன்றிரவு எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன், இரண்டாவது பத்திக்கு மேல் என்னாலேயே முடியவில்லை.

உங்கள் மகன் அறைக்குள் யாரோடு கத்துகிறான் என்று ஒருநாள் கதவருகே நின்று கேளுங்கள். உங்கள் பழைய தோட்டத்துப் பெயர்கள் ஒன்றிரண்டு காதில் விழலாம். விழாவிட்டால் தட்டைக் கழுவச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

திருத்த வழி கேட்டீர்கள். திருத்துகிறவர் ஒருவரோடே எனக்குப் பதினோரு வருடம் போய்விட்டது. அதற்குப் பதில் ஓர் உதவி: உங்கள் மகனுக்கு டேங்க் ஆடத் தெரியுமா? சனிக்கிழமை இரவு பத்து மணி. அவன் வந்தால் உங்கள் இரண்டு வருடச் சந்தா பாக்கியை இந்தப் பக்கத்தில் நினைவூட்டமாட்டேன்.