பெரிய தள்ளுபடிக் கடையில் சிகரெட் மலிவாகக் கிடைக்குமா?

கேள்வி: அமெரிக்காவின் பெரிய தள்ளுபடிக் கடைகளில் சிகரெட் மலிவு என்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் வரும் பெரிய கடைகளிலும் அப்படிக் கிடைக்குமா? எந்த பிராண்டு வாங்கினால் லாபம்?

காரைக்குடியில் மளிகைக்கடை நடத்துகிறேன். கிடைக்காது என்பதே என் பதில்.

பருப்பையும் சோப்பையும் பெரிய கடைக்காரர் லாரிக் கணக்கில் எடுக்கிறார், கம்பெனியோடு பேரம் பேசுகிறார், விலையை இறக்குகிறார். சிகரெட்டில் அந்த வேலை நடக்காது, ஏனென்றால் விலையின் பெரும் பங்கு வரி. 2026 பிப்ரவரி 1 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். அதோடு நீளத்தைப் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 முதல் 8,500 ரூபாய் வரை கலால் வரி. ஒரு சிகரெட்டுக்கு இரண்டு ரூபாயிலிருந்து எட்டரை ரூபாய் வரை கடைக்கு வருமுன்பே போய்விடுகிறது. அச்சிட்ட விலைக்குக் கீழே விற்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் எங்களுக்கு மிஞ்சுவதே சொற்பம், அதில் எதைக் குறைப்பது? குறைத்தாலும் 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் விளம்பரத்தைத் தடுப்பதால், வாசலில் 'சலுகை விலை' என்று எழுதிப் போட முடியாது.

பிராண்டுக்குப் பிராண்டு விலை மாறுவதற்கும் நீளம் ஒரு முக்கியக் காரணம். கோல்டு ஃபிளேக் என்ற ஒரே பெயரிலேயே நீளமானதும் குட்டையானதும் வருகின்றன. குட்டையானதில் வரி குறைவு, அதனால் விலையும் குறைவு. விலை குறைந்தது என்பதற்காக உடம்புக்குக் கெடுதல் குறைந்துவிடாது. ஆகவே 'லாபமான பிராண்டு' எதையும் என்னால் சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் உண்மையான விலை விளையாட்டு நடப்பது பெட்டிக்கடையில்தான். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பாக்கெட்டாக வாங்குகிறவர் குறைவு. ஒன்று, இரண்டு என்று உதிரியாகத்தான் கேட்கிறார்கள், கட்டித் தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு நகர்கிறார்கள். பத்து சிகரெட் பாக்கெட் 170 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி ஒன்று 17 ரூபாய். சில்லறை இல்லை என்று அது 18 ஆகும், 20 ஆகும். கையில் குறைந்த காசு வைத்திருப்பவர்தான் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் அதிகம் கொடுக்கிறார். பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படமும், புகையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணும் அவர் கண்ணில் படுவதே இல்லை. பள்ளிப் பையன்கள் கைக்குச் சிகரெட் போவதும் இந்த உதிரி விற்பனையால்தான். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கவே கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. என் கடையில் உதிரி கிடையாது. வியாபாரம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

அமெரிக்காவிலும் கடை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. காஸ்ட்கோ போன்ற கடைகள் 200 சிகரெட் கொண்ட பெரிய பெட்டியாகவே விற்கின்றன, அதனால் ஓரளவு மலிவு. ஆனால் மாநில வரி நியூயார்க்கில் பாக்கெட்டுக்கு 5.35 டாலர், மிசௌரியில் வெறும் 17 சென்ட். பல மாநிலங்களில் 'இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது' என்று குறைந்தபட்ச விலைச் சட்டமும் உண்டு. டார்கெட் என்ற பெரிய தள்ளுபடிக் கடை நிறுவனம் 1996லேயே சிகரெட் விற்பதை விட்டுவிட்டது.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்வது செட்டிநாட்டு வீடுகளில் பழகிப்போன வழக்கம். ஒருவர் தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடியது 100 சிகரெட்தான். 200 கொண்ட பெட்டியை முழுதாக எடுத்துவந்தால் சுங்கத்தில் தீர்வை கட்ட வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் மீறி யாராவது பாதி விலைக்கு நீட்டினால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எச்சரிக்கைப் படமோ, ரூபாயில் அச்சிட்ட விலையோ இல்லை என்றால் அது பெரும்பாலும் வரி ஏய்த்து வந்த சரக்கு, வாங்காதீர்கள்.