மௌனி பிடிபடவில்லை என்றவருக்கு

திருகோணமலை வாசகர் வட்டத்தில் சிறுகதை எழுத்தாளர் மௌனியைப் பற்றிப் பேசவேண்டும், ஆனால் அவருடைய ‘அழியாச்சுடர்’ கதை எத்தனை முறை வாசித்தும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ‘பிரபஞ்ச கானம்’ கதையை எடுங்கள். இதய நோயால் பாடக்கூடாது என்று தடுக்கப்பட்ட ஒரு பெண். அவள் குரல் அடங்கியதும் உலகத்தின் சங்கீதமே நின்றுவிட்டதாக ஒருவனுக்குத் தோன்றுகிறது. நடப்பது அவ்வளவுதான், மீதி முழுவதும் மனத்தின் சஞ்சாரம். மாலையில் டச்சுக் குடாக் கடற்கரையில் நண்பர் யாருக்காவது வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். சங்கீதத்தில் தோய்ந்த மனிதர் மௌனி. அந்த வாக்கியங்கள் காதில்தான் திறக்கும்.

வாழ்க்கைக் குறிப்புக்கு இரண்டு நிமிடம் போதும்: 1907இல் பிறந்தார், ‘மணிக்கொடி’ இலக்கிய இதழில் எழுதினார், சிதம்பரத்தில் ஒதுங்கி வாழ்ந்தார், 1985இல் மறைந்தார். எழுதியவை சுமார் 24 கதைகளே. புதுமைப்பித்தன் அவரைச் ‘சிறுகதையின் திருமூலர்’ என்றதையும் சொல்லுங்கள். மிச்ச நேரத்தில் ‘பிரபஞ்ச கானம்’ கதையில் அந்தப் பெண் தன் கல்யாணத்தில் பாடும் இடத்தைக் கூட்டத்துக்கு அப்படியே வாசியுங்கள்.