சிலியில் இத்தனை பெரிய நிலநடுக்கங்கள் வந்தும் உயிரிழப்பு குறைவாக இருப்பது எப்படி?

எல்லாக் காலத்திலும் குறைவாக இருந்துவிடவில்லை. 1939 ஜனவரியில் சிய்யான் நகரை உலுக்கிய நிலநடுக்கம் இரவில் வந்தது. சுடாத மண்கட்டிச் சுவர்கள் சரிந்து பல்லாயிரம் பேர் மாண்டார்கள். கட்டடங்களுக்கான கடுமையான விதிகள் அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் வலுப்பெற்றன.

இத்தனை நிலநடுக்கங்கள் வருவதற்குக் காரணம் கடலடியில் இருக்கிறது. பூமியின் மேலோடு பல பெரும் பாறைத் தட்டுகளால் ஆனது; அவற்றில் ஒன்றான நாஸ்கா தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வேகத்தில் தென்னமெரிக்கத் தட்டின் அடியில் நுழைகிறது. வழியில் சிக்கிக்கொள்ளும் பகுதி பல பத்தாண்டுகள் இறுக்கத்தைச் சேர்த்துவைத்து, ஒரு நாள் விடுபடுகிறது. 1960 மே 22 அன்று வால்டிவியா அருகே அப்படித்தான் நடந்தது. அளவு 9.5, கருவிகளில் பதிவானவற்றில் உலகிலேயே பெரியது. சற்று முன் வந்த முன்னதிர்வுக்குப் பயந்து பலர் வீதியில் நின்றிருந்ததால் பிழைத்தார்கள். ஆனால் சுனாமி பசிபிக்கைக் கடந்து ஹவாயின் ஹீலோவில் 61 பேரையும், ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்டோரையும் கொன்றது.

2010 பிப்ரவரியில் சிலியில் வந்தது 8.8 அளவு. இறந்தவர்கள் 500 பேரை ஒட்டி. அதற்கு முந்தைய மாதம் ஹைட்டியில் 7.0 அளவு நிலநடுக்கம் லட்சத்துக்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. சிலியில் வெளிப்பட்ட ஆற்றலோ அதைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு! (ஹைட்டியில் மையம் தலைநகருக்கு மிக அருகில் இருந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும்.) என் பார்வையில் 2010-இல் சிலியின் தவறு கரையோரத்தில்தான் நடந்தது: சுனாமி எச்சரிக்கையைப் பாதியில் விலக்கிக்கொண்டார்கள். 2015-இல் 8.3 அளவு நிலநடுக்கம் வந்தபோது கரையோரத்திலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் பேரை உடனே மேட்டுநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.