ஆம்னி கூரை ஓரத் துரு: சிலிக்கான் அடிச்சும் ஏன் திரும்புது?

மாருதி ஆம்னி வேன் கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற கால்வாய் மடிப்புல, சிலிக்கான் பசை அடிச்ச மூணே மாசத்துல துரு மறுபடி கொப்பளிக்குதுன்னா, முதல்ல அந்தப் பசையை முழுசா சுரண்டி எடுங்க. வினிகர் வாடை அடிக்கிற வகையா இருந்தா, காயும்போது வர்ற அசிட்டிக் அமிலமே தகட்டை அரிக்கும். மேல பெயின்ட்டும் ஒட்டாது.

ஸ்க்ரூ டிரைவர் முனையால மடிப்பு நெடுக அழுத்திப் பாருங்க. உள்ள இறங்கினா பட்டி பூசி மறைக்காதீங்க, வெட்டி வெல்டிங்தான். அதுக்கு முன்னால உள்கூரைத் துணியைக் கழட்டிடணும், பொறி பட்டா பத்திக்கும்.

தகடு கெட்டியா இருந்தா:
1. வயர் பிரஷ், அப்புறம் மடிப்புக்குள்ள ரஸ்ட் கன்வெர்ட்டர் (மிச்சத் துருவைக் கெட்டியான படலமா மாத்துற திரவம்). டப்பாவுல போட்ட நேரம் காயணும்.
2. எபாக்சி பிரைமர்.
3. பியூ (பாலியூரித்தேன்) சீம் சீலர், அதாவது தகடு இணைப்பை அடைக்கிற பசை, விரலால வழவழன்னு இழுத்து விடுங்க. பள்ளம் விட்டா தண்ணி தேங்கும்.
4. பெயின்ட்.

கால்வாய் முனையில தண்ணி வடியற வழியை மட்டும் அடைச்சிடாதீங்க.