எடை ஏறவில்லை, வயிறு மட்டும் ஏன் பெருக்கிறது? முதுமையில் கொழுப்பும் தசையும்: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 68 வயது. பல ஆண்டுகளாக எடை 62 கிலோவிலேயே நிற்கிறது. ஆனால் பேன்ட் இடுப்பில் இறுகுகிறது, தொடை மெலிந்துவிட்டது. எடை சரியாக இருக்கும்போது இதைப் பொருட்படுத்த வேண்டுமா?

பதில்: கட்டாயம் பொருட்படுத்த வேண்டும், ஐயா. தசை கரைந்து அதே அளவுக்குக் கொழுப்பு சேர்ந்தால் எடை இயந்திரத்தில் எண் அசையாது. வயது ஏற ஏற, தொடையிலும் புட்டத்திலும் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு குறைந்து, குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் தசை நார்களின் இடையிலும் படிகிறது. கொழுப்பின் அளவைப் போலவே அது சேரும் இடமும் முக்கியம் என்பதைப் பிரான்சின் மார்சே நகர மருத்துவர் ழான் வாக் 1947-லேயே எடுத்துச் சொன்னார். நம்மவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் சக ஆய்வாளர் யூட்கினும் 2004-ல் தங்களையே ஒப்பிட்டு வெளியிட்டார்கள்: உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) இருவருக்கும் 22.3 தான், ஆனால் உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் வரம்பை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று தாழ்த்தி வைத்திருப்பதும் இதனால்தான்.

கேள்வி: மாதவிடாய் நின்ற பிறகுதான் எனக்கு வயிறு போட்டது. தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, அம்மா. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை கொழுப்பு இடுப்புக்குக் கீழேயே அதிகம் தங்கும். அது குறைந்ததும் வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது.

கேள்வி: இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு முன்பே கால் சோர்ந்துவிடுகிறது. இதயப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். வயது 72.

பதில்: ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். அவையும் சரியாக இருந்தால், தசை தனக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்கும் திறனையே நாம் கவனிக்க வேண்டும். தசை சுருங்குவதற்குத் தேவையான ஆற்றலைத் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு சில விநாடிகளுக்கு மட்டுமே கையிருப்பில் இருக்கும். தசையில் சேமிப்பாக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருள் அதை உடனுக்குடன் ஈடுகட்டும். அந்தக் கிரியேட்டின் பாஸ்பேட்டை மீண்டும் நிரப்புவது, செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. அமெரிக்காவில் 1958 முதல் நடந்துவரும் பால்டிமோர் முதுமை ஆய்வில், பங்கேற்பவரை எம்.ஆர். ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி நீட்டச் செய்து, குறைந்த கிரியேட்டின் பாஸ்பேட் எவ்வளவு விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று அளக்கிறார்கள். வயதானால் இந்த மீட்சி மந்தமாகிறது. மந்தமாக உள்ளவர்கள் நடப்பதும் மெதுவாகவே இருக்கிறது.

வயிற்றுக் கொழுப்போடு இது பின்னிக் கிடக்கிறது. மைட்டோகாண்ட்ரியா எரிக்க முடியாத கொழுப்பு அமிலங்கள் தசைக்குள்ளேயே தேங்கி, இன்சுலினின் கட்டளையைத் தடுக்கின்றன. இன்சுலின் சொல்லி உடல் உள்வாங்கும் குளுக்கோஸில் பெரும்பங்கு தசைக்கே போவதால், அங்கே தடை வந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உடம்பு சோர்ந்து, அசைவு குறைந்து, கொழுப்பு மேலும் சேர்கிறது. எது முதலில் தொடங்கியது என்று ஒருவரிடத்தில் பிரித்தறிவது கடினம். ஆனால் இந்தச் சுழலை அறுக்க நம் கைக்கு எட்டும் இடம் தசைதான் என்பதில் எனக்கு உறுதி உண்டு.

கேள்வி: ஸ்கேன் எல்லாம் இல்லாமல் வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரு கைகளையும் மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து, முழுதாக உட்கார்ந்து, இடைவிடாமல் ஐந்து முறை செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று நேரம் பார்க்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை நலிவுக்கான பரிசோதனை தேவை என்பது ஆசிய நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவு. டேப்பை கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, இயல்பாக மூச்சை விட்ட நிலையில் இடுப்பை அளக்க வேண்டும். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் பெரும்பாலும் குறைத்தே காட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 80 வயது. தினமும் நடக்கிறார். அது போதாதா? இந்த வயதில் எடை தூக்கச் சொல்வது ஆபத்தில்லையா?

பதில்: நடை மைட்டோகாண்ட்ரியாவுக்கு நல்லது, அதை விட வேண்டாம். ஆனால் தசையின் வலிமையைத் திருப்பித் தர நடை மட்டும் போதாது. 1990-ல் பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய, முதியோர் இல்லத்தில் நலிந்திருந்த பத்துப் பேருக்கு எதிர்ப்புப் பயிற்சி, அதாவது எடைக்கு எதிராகத் தசையை இயக்கும் பயிற்சி, தரப்பட்டது. எட்டு வாரத்தை நிறைவு செய்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வதில் தொடங்கட்டும். அது எளிதானபின் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பையைக் கட்டி, உட்கார்ந்தபடியே காலை நீட்டலாம். ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காதவர்களும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சாப்பாட்டையும் பாருங்கள். இரண்டு இட்லியும் ரசம் சாதமுமாக நாளை ஓட்டும் பெரியவர்களுக்குப் புரதம் போதவே போதாது. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான். ஆகவே பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றில் ஒத்துக்கொள்வதை ஒவ்வொரு வேளையும் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும், மருத்துவரிடம் கேட்ட பிறகே புரதத்தைக் கூட்ட வேண்டும்.