பாட்டுக்கு ரைமிங் கட்டாயமா? – கடிதம்

அண்ணாவுக்கு வணக்கம்,

நானும் நண்பன் ஒருவனும் சேர்ந்து தனிப்பாடல்கள் செய்து யூடியூபில் போட்டு வருகிறோம். மெட்டு அவனுடையது, வரிகள் என்னுடையவை. புதுப் பாட்டுக்குப் பல்லவியாக இப்படி எழுதிக் கொடுத்தேன்:

மழை வந்து நின்ற தெருவில்
உன் குடை மட்டும் காயவில்லை

‘ரைமிங் இல்லையேடா, பாடினா ஒட்டாது’ என்று சொல்லி, இரண்டாவது வரியை ‘குடை வந்து நின்ற உருவில்’ என்று அவனே மாற்றிவிட்டான். கவிதையில் இதையெல்லாம் விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. பாட்டில் மட்டும் ஏன் விட முடியவில்லை? வரிக் கடைசி ஓசை ஒன்றுகிற இயைபு இல்லாத பாட்டு நிற்காதா? சரணத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கி., மதுரை

அன்புள்ள தம்பி,

‘குடை வந்து நின்ற உருவில்’ வந்தது யார் என்று உங்கள் நண்பரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் வரியில் ஆள் இருக்கிறாள். மழை விட்டு, தெருவெல்லாம் உலர்ந்த பிறகும் அவள் குடை ஈரமாகவே இருக்கிறது. ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. பல்லவிக்கு அது போதும். ‘தெருவில்’ வந்ததும் ‘உருவில்’ வந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததில் அவள் காணாமல் போய்விட்டாள்.

தமிழில் வரிக் கடைசியில் ஓசை ஒன்றுவது சல்லிசான சரக்கு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, வினையின் கடைசியில் விகுதி வருகிறது. வந்தேன், நின்றேன், பார்த்தேன், தோற்றேன் என்று நாள் முழுக்க அடுக்கலாம். வேற்றுமை உருபும் அப்படித்தான்: தெருவில், மழையில், குடையில், மனதில். இதற்குக் கவிஞன் தேவையில்லை, இலக்கணமே எழுதிக் கொடுத்துவிடும். சிரமம் இல்லாமல் வருவதால் கேட்பவனுக்கும் அதில் பெரிய சுகம் இல்லை.

நம் ஆட்கள் இந்த வேலையைப் பெரும்பாலும் வரியின் தலையில் வைத்துக்கொண்டது இதனால்தானோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. இயைபுக்கும் தொல்காப்பியத்தில் இடம் இருக்கிறது. ஆனால் செல்வாக்கு எதுகைக்குத்தான். முதலெழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவொத்து, இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். ‘பட்டு’க்கு ‘கட்டு’ எதுகை. ‘பாட்டு’ ஆகாது. அங்கே விகுதி வந்து கைகொடுக்காது, சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாடுகிறவனுக்கும் லாபம்: இரண்டு வரியும் ஒரே கனத்தில் தொடங்கும்.

ஏழாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை கோயில்களில் பாடப்படும் பாட்டு ஒன்றைப் பாருங்கள். சம்பந்தரின் முதல் பதிகம், முதல் பாட்டு. நான்கு அடிகளும் தோடுடைய, காடுடைய, ஏடுடைய, பீடுடைய என்று தொடங்குகின்றன. நான்கிலும் முதலெழுத்து நெடில், அடுத்தது ‘டு’. இனி அடிகளின் கடைசியைப் பாருங்கள்: மதிசூடி, கவர்கள்வன், அருள்செய்த, இவனன்றே. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஓதுவார் யாரும் இதில் ரைமிங் குறைகிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எதுகையை எங்கே விடுவது என்பதற்குக் குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு. ‘யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்.’ என் தாயும் உன் தாயும் எதுகை, என் தந்தையும் உன் தந்தையும் எதுகை. மூன்றாம் அடி ‘யானும் நீயும்’. இங்கே அந்த முழு எதுகை இல்லை, இரண்டாம் எழுத்தில் உகரம் மட்டும் ஒன்றுகிறது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஓசையிலும் முழுக்க ஒட்டாமல். பாடிய புலவர் செம்புலப்பெயனீரார் திட்டமிட்டுச் செய்தாரா, மொழி தானாக அப்படி அமைந்ததா என்று சண்டை போடலாம். எனக்கு இரண்டும் சம்மதம்.

அதற்காக உங்கள் நண்பரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். மெட்டமைப்பவர் ரைமிங் இல்லை என்று சொன்னால், பல நேரம் அவர் காது தேடுவது வேறொன்று. பல்லவி வரி முடிகிற இடத்தில் மெட்டு நீண்டு நிற்கும். அங்கே இழுக்கத் தோதான நெடில் வேண்டும். ஆ, ஏ, ஓ எதுவானாலும் சரி. ‘தெருவில்’ என்பதில் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. ‘பேச்சு’, ‘காற்று’ மாதிரி குற்றியலுகரத்தில், அதாவது குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடித்தால் இன்னும் மோசம், பாடகர் உகரத்தை இழுத்துத் திணறுவார். அவர் மெட்டைச் சொல் இல்லாமல் ‘தனனா தனனா’ என்று தத்தகாரத்தில் பாடச் சொல்லி, எங்கே ‘னா’ என்று நீட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரியையே இப்படி வைத்துப் பார்த்தேன்:

மழை நின்ற தெருவிலே
குடை மட்டும் காயலே

முன்னால் நின்ற ‘உன்’ போனதும் மழையும் குடையும் தலைக்கு வந்துவிட்டன. இரண்டாம் எழுத்தில் ஐகாரம் மட்டும் ஒன்றுவதால் இது உயிரெதுகை, இலக்கணத்தில் இடம் உண்டு. ‘தெருவிலே’ நாலெழுத்து, ‘காயலே’ மூன்றெழுத்துதான். ஆனாலும் ஒலிக்கும் நேர அளவான மாத்திரை இரண்டுக்கும் ஐந்து, தாளம் இடறாது. கடைசியில் ஏகாரம் கிடைப்பதால் நண்பர் இஷ்டத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். அவர் கேட்ட ரைமிங்கும் கூடவே வந்துவிட்டது, வரட்டும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்குக் காயல்பட்டினம் ஞாபகம் வரலாம், பரவாயில்லை. ‘உன்’னை அடுத்த வரியில் சொல்லிக்கொள்ளுங்கள்.

புதுக்கவிதை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது கண்ணால் படிப்பது. வரியை எங்கே மடக்குகிறோம் என்பதே அங்கே பாதி வேலையைச் செய்துவிடும். பாட்டு கேட்பவனுக்குத் தாள் கையில் இல்லை. வரி முடிந்தது, அடுத்தது தொடங்கியது என்று காதுக்கு ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். அது எதுகையாக இருக்கலாம், முதலெழுத்து ஒன்றுகிற மோனையாக இருக்கலாம், மெட்டே சொல்லிவிடலாம். ஒப்பாரியில் ஒரே வரியைத் திரும்பச் சொல்லி, ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டே போவார்கள். இழவு வீட்டில் உட்கார்ந்து எதுகை தேட நேரம் ஏது? அந்த அடுக்கே போதுமானதாக இருக்கிறது. குத்துப்பாட்டு என்றால் கதை வேறு. அங்கே ரைமிங்கைத் தாராளமாக வாரி இறைக்கலாம், அர்த்தம் கேட்டு யாரும் வரப்போவதில்லை.

அப்புறம் உங்கள் சரணம். ‘நெஞ்சிலே, பஞ்சிலே, மஞ்சிலே’ என்று மூன்று வரி முடிகிறது. நண்பரைக் குறை சொல்லிவிட்டு நீங்களும் இதைச் செய்திருக்கிறீர்கள். நெஞ்சு சரி, பஞ்சைக்கூட எப்படியோ சமாளித்துவிட்டீர்கள். மதுரையில் யார் மேகத்தை மஞ்சு என்கிறார்கள்? அந்த வரியை மட்டும் ரைமிங் இல்லாமல் எழுதி, மெட்டையும் ஒரு வாய்ஸ் நோட்டாக அனுப்புங்கள். பாடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.