மருத்துவர் எழுதித் தரும் ஓவியங்கள்

கேள்வி: கனடாவில் மருத்துவர்கள் மாத்திரைக்குப் பதிலாக அருங்காட்சியகத்துக்குப் போய்வரும்படி சீட்டு எழுதித் தருகிறார்களாமே? படம் பார்ப்பதால் உடம்புக்கு என்ன நன்மை வந்துவிடும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சீட்டு எழுதித் தந்தது உண்மை, ‘மாத்திரைக்குப் பதிலாக’ என்பதுதான் மிகை. மொன்றியால் நுண்கலை அருங்காட்சியகமும் பிரெஞ்சு பேசும் கனடிய மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்து 2018-இல் தொடங்கிய அத்திட்டத்தில், வழக்கமான சிகிச்சைக்குத் துணையாகவே நோயாளிக்கும் அவருடன் வரும் குடும்பத்தாருக்கும் கட்டணமில்லா அனுமதி கிடைத்தது.

நன்மை உண்டு, ஆனால் அதை அளந்துதான் சொல்ல வேண்டும். லண்டன் நகர அலுவலர்கள் 28 பேரை மதிய இடைவேளையில் கில்டுஹால் ஓவியக்கூடத்துக்கு அனுப்பி, போகுமுன்னும் வந்தபின்னும் உமிழ்நீரைச் சோதித்த ஆய்வொன்று 2006-இல் வெளியானது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் அவர்களிடம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாததால், குறைத்தது ஓவியமா, மேலதிகாரியின் முகத்தைப் பார்க்காமல் கழிந்த அந்த அரைமணியா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 6,710 பேரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதைவிடப் பெரியது. சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் அருங்காட்சியகம், நாடகம், இசை நிகழ்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்குச் சென்றவர்களுக்கு, அறவே செல்லாதவர்களைவிட அக்காலத்தில் இறக்கும் வாய்ப்பு 31 சதவீதம் குறைவாக இருந்தது. வருமானம், உடல்நிலை போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு நீடித்தது. எனினும் தொடர்பு வேறு, காரணம் வேறு. நடமாட முடிந்தவரும் ஓய்வு வாய்த்தவரும்தானே வெளியே கிளம்புகிறார்கள்!

பார்க்கும் முறையும் முக்கியம் என்பது என் எண்ணம். குனிந்தும் நிமிர்ந்தும் கூடம் கூடமாக நடப்பவருக்கு ஏற்படும் ‘அருங்காட்சியகச் சோர்வை’ப் பற்றி பாஸ்டனைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் 1916-இலேயே எழுதிவிட்டார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு படைப்பின் முன் பார்வையாளர்கள் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடிகளே என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்படி ஓடிக்கொண்டே பார்ப்பதில் கால்வலிதான் மிச்சம்.

உங்களுக்குத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம் பக்கம்தான். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டுமென்று போகாமல், திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் செப்புத்திருமேனி முன்பு மட்டும் பத்து நிமிடம் நில்லுங்கள். காளை இல்லை, அதன்மேல் சாய்ந்த கை மட்டும் அப்படியே இருக்கிறது.